பஸ் நம்பர் படிக்கும் நாய்

பிப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

மச்சான் எழுதுவது. அக்கா காரியம் முடிந்து கிளம்பி, குறை ஒன்றும் இல்லாமல் பாலம் கட்டும் முகாமுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நீங்களும் சில்லறையும் சௌக்கியம்தானே?

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை உரித்து முடித்துவிட்டேன். இத்தனை வருஷமும் அக்காவுக்குத்தான் எழுதுவேன். கடைசியில் "அத்தானைக் கேட்டதாகச் சொல்" என்று ஒரு வரி போட்டால் என் கடமை முடிந்தது. அக்காவும் "அத்தான் உன்னைக் கேட்டார்" என்று பதில் எழுதுவாள். நீங்கள் நிஜமாகவே கேட்டீர்களா, அவளாகச் சேர்த்துக்கொண்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் பயணத்துக்குக்கூடப் போதாது. அவள் போய்விட்டாள். இனி நாமே பேசிக்கொண்டால்தான் உண்டு.

வழியில் மூன்று பஸ் மாறி, கடைசியில் ரேஷன் லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அது ஒரு வசதி. பாலத்தின் நாலாவது தூண் எழும்பியிருக்கிறது. நான் இல்லாத நாட்களில் என் உதவிக்காரர் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் என்னைக் கண்டதும் கைதட்டினார்கள். அது என் மேல் உள்ள பாசம் இல்லை, வயிற்றின் மேல் உள்ள பாசம். இங்கே போன் எடுக்காது. லாரி வாரம் ஒருமுறை வரும், தபாலும் அதில்தான்.

சில்லறைக்கு ராத்திரியில் சோற்றில் முட்டை உடைத்துப் பிசைந்து போடுகிறீர்களா? அக்கா அப்படித்தான் போடுவாள். அவள் செருப்பின் மேல் தலை வைத்துத்தான் அவன் தூங்குவான், அதை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். "பஸ்ஸில்தான் இவருக்குச் சில்லறைத் தட்டுப்பாடு, வீட்டிலாவது ஒன்று இருக்கட்டும்" என்று அவள் அந்த நாய்க்குட்டிக்குப் பெயர் வைத்தது நினைவிருக்கிறதா? அவள் கையைத் தேடுகிறானா? இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போகிறானா? எல்லாம் எழுதுங்கள்.

அவன் தலையைத் தடவிக் கொடுங்கள்.

உங்கள் மச்சான்


பிப்ரவரி 21

மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. உன் கடிதம் கையில் கிடைத்தது. கொண்டுவந்த தபால்காரரைச் சில்லறை தெருமுனை வரை குரைத்து வழியனுப்பிவிட்டு வந்தான்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை, அது துண்டு துண்டாகத்தான் எழுதும். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்லாதே.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் செய்துகொள்வதில்லை. காலையில் ரொட்டியும் ஜாமும். மத்தியானம் பசி எடுத்தால் ரொட்டியும் ஜாமும். பசி எடுக்காவிட்டால் டீ. டீக்கு நாலு கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறேன். உன் அக்கா ஒன்றரைக் கரண்டிக்கு மேல் விடமாட்டாள், டப்பாவை மேல் தட்டில் வைத்துவிடுவாள். இப்போது டப்பா கீழேயே இருக்கிறது. வீடு முழுக்க எனக்குத்தான் அதிகாரம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

செருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முட்டையும் போடுகிறேன். ஆனால் சில்லறைக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று தோன்றுகிறது. தண்ணீர் தண்ணீர் என்று அலைகிறான். பானையைக் கவிழ்த்தாலும் தாகம் அடங்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் சோர்ந்துவிடுகிறான். வயதாகிறது என்று விட்டுவிடலாம்தான். நீ அவனைப் பற்றி இத்தனை கேட்டிருந்ததால் எழுதுகிறேன். அக்கா வளர்த்தவன், உனக்கு அக்கறை இருக்கத்தான் செய்யும். கேட்டுக்கொண்டே இரு, பதில் போடுகிறேன்.

வெயிலில் அடுப்படியில் நிற்கிறவன், உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் உண்டு, உறங்கி, திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீங்கள் கல்லுக்குண்டு மாதிரியே இருக்க வேண்டும்.

சில்லறைக்கு உடம்பு சரியில்லை என்றதும் மனசு கேட்கவில்லை. நல்ல வேளையாக எனக்கு ஒரு டாக்டர் மாட்டினார். மாட்டு டாக்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பண்ணைக்கு வருகிறவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் கொட்டகைக்கு வந்துவிடுவார். பண்ணையில் எதைச் சாப்பிட்டாலும் தீவன வாசனை அடிக்கிறதாம். ஆள் நல்ல கனம், பெஞ்சில் அவர் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவர் எழுந்துவிடுவார்.

அவருக்கு இரண்டாவது முறை சூப் ஊற்றும்போது விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வி.

"தண்ணி அவ்வளவு குடிக்குதுன்னா ஒண்ணுக்கும் அடிக்கடி போகுதா? எளைச்சிருக்கா? கண்ணு எப்படி? கால்ல புண்ணு கிண்ணு ஏதாவது ஆறாம இருக்கா?"

"தெரியலையே டாக்டர், அத்தான் எழுதலையே."

"அப்போ எழுதிக் கேளு. கேட்டுட்டு வா, அப்புறம் சொல்றேன். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு இருக்கா?"

கேட்டுவிட்டேன் அத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். நீங்கள் ரொட்டியும் ஜாமுமாகக் காலம் தள்ளுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சமைக்கிறவனின் அத்தான் பட்டினி கிடந்தால் என் மானம் என்ன ஆவது? குக்கரில் அரிசியோடு ஒரு பிடி பருப்பு, இரண்டு கேரட், உப்பு போட்டு மூடிவிட்டு உட்காருங்கள். விசில் அடித்தால் இறக்குங்கள். விசில் உங்களுக்குப் புதிதா என்ன?

உங்கள் மச்சான்


மார்ச் 30

மச்சானுக்கு,

அத்தானின் ஆசி. இங்கு சுகம்.

நீ சொன்னபடி குக்கரில் வைத்தேன். சாப்பிடும்படி இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் இறங்கவில்லை, மிச்சத்தைச் சில்லறை முடித்துவைத்தான்.

உன் டாக்டர் கேட்டதற்குப் பதில். ஆமாம், ராத்திரியில் எழுந்து எழுந்து ஒன்றுக்குப் போகிறான். தூக்கம் கெடுகிறது. இளைத்துத்தான் இருக்கிறான். கழுத்துப்பட்டையில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது, பழைய ஓட்டையில் மாட்டினால் இடுப்பில் நிற்கவில்லை.

கண்ணும் மங்கல்தான். சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்காருகிறோம். எங்கேயும் ஏறிப் போக இல்லை, வருகிற வண்டியைப் பார்க்க. முன்பெல்லாம் வளைவில் திரும்பும்போதே இன்ன நம்பர் என்று சொல்லிவிடுவான். இப்போது பக்கத்தில் வந்து நின்ற பிறகும் மூன்றா எட்டா என்று அவனுக்குத் தெரியவில்லை. பழைய டிரைவர் ஒருவர் கையாட்டிவிட்டுப் போனாராம், அதையும் கவனிக்கவில்லை.

கால் விரலில் ஒரு புண் இருக்கிறது. புதுச் செருப்பு கடித்தது. சின்னதுதான். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி, ஏதாவது மாத்திரை இருந்தால் பெயர் எழுதி அனுப்பு. ஆஸ்பத்திரி அது இது என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்.

அங்கே நீ நன்றாகச் சாப்பிடு.

அத்தான்


ஏப்ரல் 15

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வந்து, பேனா கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

உங்கள் கடிதத்தை டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன். இடுப்பில் நிற்காத கழுத்துப்பட்டை வந்ததும் மெல்வதை நிறுத்தினார். பஸ் நம்பர் வந்ததும், "திரும்ப வாசி" என்றார். வாசித்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். செருப்புக் கடியை வாசித்தபோது தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். அந்த மனிதர் தட்டைத் தள்ளி நான் பார்த்ததே இல்லை.

"சில்லறைக்கு ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கு. நல்லா ஏறியிருக்கு. உடனே ரத்தம் பார்க்கணும். லேசா எடுத்துக்காதேன்னு உங்க அத்தானுக்கு எழுது" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். சில்லறைக்கு இன்றிலிருந்து ஜாம் கிடையாது. டீயில் சர்க்கரை கிடையாது. வெறுங்காலோடு அவனை எங்கும் நடக்க விடாதீர்கள். அந்தப் புண்ணைத் தினமும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மாத்திரை பெயர் எழுத முடியாதாம், பார்க்காமல் கொடுத்தால் விஷமாகிவிடும் என்கிறார்.

ஆஸ்பத்திரி வாசல் உங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அக்காவைச் சேர்த்த அன்று நானும் உங்களோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனாலும் சில்லறையைக் கூட்டிக்கொண்டு போங்கள் அத்தான். அவனைத் தனியாக அனுப்ப முடியாது. நீங்களும் கூடப் போனால், அப்படியே உங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள், ஒரே வேலையாக முடிந்துவிடும்.

அவனை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் மச்சான்


மே 6

மச்சானுக்கு,

இருக்கிறோம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

சில்லறைக்கு ஜாமை நிறுத்தியாகிவிட்டது. டீயிலும் சர்க்கரை இல்லை. அதனால் அவன் கோபமாக இருக்கிறான். காலையில் டம்ளரைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான். கசாயம் குடிக்கிற மாதிரி குடிக்கிறான். உன் டாக்டரை நேரில் பார்த்தால் கடித்துவிடுவேன் என்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான் கட்டாயப்படுத்தவில்லை. உன் அக்கா அந்த வாசலில் நடந்து உள்ளே போனவள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

புண் ஆறவில்லை, கொஞ்சம் கறுத்திருக்கிறது. ஆனால் துளிகூட வலி இல்லையாம். வலி இல்லாத புண்ணுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

மழை வரும் போல இருக்கிறது. ஆற்றங்கரையில் ஜாக்கிரதையாக இரு.

அத்தான்


மே 21

அத்தான்,

நலம் விசாரிப்பையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

வலி இல்லை என்பதுதான் கெட்ட செய்தியாம். வலி தெரிகிற நரம்பே செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். கறுத்த விரலை விட்டால் அது காலுக்கு ஏறும், காலையே எடுக்க வேண்டி வரும், உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர்.

மனுஷ ஆஸ்பத்திரி வேண்டாம். சரி. உங்கள் ஊரில், பழைய டெப்போவுக்குப் பின்னால் ஒரு மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இருக்கிற டாக்டரம்மா இவரிடம் படித்தவர். அங்கே அந்த மருந்து நாற்றம் இருக்காது, நாய் பூனை நாற்றம்தான் இருக்கும், அது உங்களுக்குப் பழக்கம். சில்லறையை அங்கே கூட்டிப் போவதில் உங்களுக்கு என்ன கஷ்டம்? அவன் புண்ணைக் காட்டுங்கள். எனக்காக வேண்டாம். அக்கா வளர்த்த நாய் அத்தான், அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் யாரை விசாரித்துக் கடிதம் எழுதுவேன்?

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போங்கள்.

மச்சான்


ஜூன் 18

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டு லாரி வந்து போய்விட்டது, உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்றாவது லாரி வந்தபோது நான் கேட்பதற்கு முன்பே டிரைவர் கையை விரித்தார். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

நேற்று லாரியிலேயே டவுனுக்குப் போய் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். கடைக்காரர், "வீட்ல ஆள் இல்ல போல தம்பி, வெளிய எங்கயாவது போயிருப்பாங்க" என்றார். நீங்கள் வெளியே எங்கே போவீர்கள்?

அத்தான், சில்லறை இருக்கட்டும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இதை நான் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

பாலத்துக்கு மேல்தளம் போடுகிற நேரம், என்னை விடமாட்டேன் என்கிறார் மேஸ்திரி. அடுத்த லாரியிலும் பதில் இல்லையென்றால் அவர் விட்டாலும் விடாவிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

மச்சான்


ஜூன் 24

மச்சானுக்கு,

வழக்கம்போல சுகம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை. எனக்குத்தான். இப்போது பரவாயில்லை. பயந்துகொண்டு கிளம்பி வராதே, முழுதும் படி.

உன் கடிதம் வந்த அன்றே சில்லறையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஏறப் போனால் கண்டக்டர் பையன், "பெரியவரே, நாயை ஏத்தக் கூடாது" என்றான். எனக்கே சட்டம் சொல்கிறான். எத்தனை நாயை, எத்தனை ஆட்டை இந்தக் கையால் இறக்கிவிட்டிருக்கிறேன். அவன் பேரில் தப்பில்லை, விசில்கூட நன்றாக ஊதினான். டெப்போ வரை நடந்தே போனோம்.

டாக்டரம்மா சின்னப் பெண். சில்லறையை மேசை மேல் ஏற்றி, கண்ணைப் பார்த்து, பல்லைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஒரு வியாதியும் இல்ல. கொழுப்புதான். யாரோட சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிடுறான்?" என்றாள்.

"சரி, கால்ல புண்ணுன்னு சொன்னீங்களே, எந்தக் கால்?"

நான் குனிந்து தேடினேன் மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் காலைப் பிடித்துத் தேடினேன். அவனுக்கு அவனுக்கு என்று எழுதி எழுதி எனக்கே அப்படி ஆகிவிட்டிருந்தது. நாலு காலும் சுத்தமாக இருந்தன. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து மேசை வரை ஈரமாகத் தடம் இருந்தது. அது என் செருப்பிலிருந்து வந்தது.

அவள் சிரிக்கவில்லை. "செருப்பைக் கழட்டுங்க பெரியவரே" என்றாள். பார்த்ததும் கடையைச் சாத்துகிற மாதிரி ஆஸ்பத்திரியைச் சாத்திவிட்டு, என்னையும் நாயையும் தன் வண்டியில் ஏற்றிவிட்டாள். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாசலில் என் கால் நின்றுவிட்டது. திரும்பிவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. "நாயை உள்ள விடமாட்டாங்க. நீங்க போய்ட்டு வர்ற வரைக்கும் இவனை நான் வச்சிருக்கேன். ஆனா திரும்பி வந்து நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். எனக்கு ஏற்கெனவே ஒன்பது நாய்" என்றாள். அப்படித்தான் உள்ளே போனேன்.

ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார்கள். சர்க்கரைக்குத் தினமும் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. நீ போன் செய்தபோது நான் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருந்தேன்.

ஏன் நாயின் மேல் போட்டு எழுதினேன் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். உன் அக்கா போன பிறகு உனக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். உன் முதல் கடிதம் முழுக்க அவனைத்தான் கேட்டிருந்தாய். எனக்குத் தாகம், எனக்குப் புண் என்று எழுதினால் "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாயோ என்று இருந்தது. நாய்க்கு என்றதும் டாக்டரைப் பிடித்தாய், கேள்வி கேட்டாய், பக்கம் பக்கமாக எழுதினாய். அந்தப் பக்கங்கள் எனக்கு வேண்டியிருந்தன. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படிப்பேன், எழுத்து மங்கலாகத் தெரிந்தாலும்.

உன் மாட்டு டாக்டருக்கு என் வணக்கம். கடிக்கமாட்டேன் என்று சொல்.

அத்தான்


ஜூலை 8

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் நலம், இப்போதுதான் நலம்.

லாரி வந்ததும் கை கழுவாமலே கடிதத்தைப் பிரித்தேன், அதனால் காகிதமெல்லாம் மாவு. டாக்டருக்கு வாசித்துக் காட்டும்போது, நீங்கள் சில்லறையின் காலைப் பிடித்துத் தேடிய இடத்தில் எனக்கு மேலே வாசிக்க வரவில்லை. அவர் வாங்கி மிச்சத்தை வாசித்தார். முடித்துவிட்டு, "உங்க அத்தான் பொழைச்சது அந்தப் பொண்ணால. அந்தப் பொண்ணு பாஸ் பண்ணது என்னால" என்றார். அதற்காக அன்று அவருக்கு மூன்றாவது முறையும் சூப் ஊற்றினேன்.

பஸ் நம்பர் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது அத்தான். நேராகக் கேட்டால் நீங்கள் எழுதுவதையே நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். நாயைப் பற்றியாவது பேசிக்கொண்டிருப்போம் என்று நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். ஒரு விரல் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஊசி மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை டப்பாவை அந்த டாக்டரம்மா வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. பாலம் ஆகஸ்டில் முடிகிறது. முகாமைக் கலைத்துவிடுவார்கள், அடுத்த வேலை எங்கே என்று இன்னும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் லீவு என்றால் யோசிக்காமல் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். இப்போது அக்கா இல்லாத வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு வருவது என்று தெரியவில்லை. பிப்ரவரியில் கிளம்பும்போதே இனி இங்கே வருவது எப்படியோ என்று வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால், வேறு வேலை கிடைக்கும் வரை கொஞ்ச நாள் வந்து தங்கலாமா? இடைஞ்சலாக இருக்கும் என்றால் பரவாயில்லை, டெப்போ பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்துக்கொள்கிறேன். பகலில் வந்து உங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போய்விடுகிறேன். யோசித்து எழுதுங்கள். வேண்டாம் என்றாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

உங்கள் மச்சான்


ஜூலை 22

மச்சானுக்கு,

புண் காய்ந்து வருகிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். பஸ் நம்பர் தெரிகிறது. சில்லறைக்கு டாக்டரம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், இப்போது நிஜமாகவே கோபமாக இருக்கிறான். விசாரிப்பு இத்தோடு முடிந்தது.

உன் கடிதத்தைப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். விரலை எடுத்தபோது காலை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் எடுத்தார்கள். "தங்கலாமா" என்று நீ எழுதியிருந்ததைப் படிக்கும்போது எனக்கு யாரும் மரத்துப்போக ஒன்றும் கொடுக்கவில்லை.

லாட்ஜாம் லாட்ஜ். நான் இருக்கும்போது என் மச்சான் லாட்ஜில் தங்கினான் என்று ஊரில் நாலு பேர் பேசுவதற்கா நான் காலைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்? உன் அறையைக் கூட்டிவைத்திருக்கிறேன். ஜன்னல் தாழ்ப்பாள் ஒன்று இறுகிப்போயிருக்கிறது, நீ வந்து எண்ணெய் போடு. அகப்பை, கரண்டியெல்லாம் கொண்டுவா. கொஞ்ச நாள், வேறு வேலை என்பதையெல்லாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.

வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்காதே. தட்டுகிறவர்களைக் கண்டால்தான் சில்லறை குரைப்பான். தள்ளிக்கொண்டு உள்ளே வா.

அத்தான்